கை வீக்கமும் ஆக்சிடென்ட் புக்கும்

அன்புள்ள கவிக்கு,

அம்மா எழுதுவது. "ஒண்ணுமில்லம்மா, லேசா சறுக்கிட்டேன்" என்று போனை வைத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு மீதி டூட்டியையும் பார்த்தாய் என்று உன் ரூம்மேட் சொல்லித்தான் தெரிந்தது. போனில் சொன்னால் பாதியில் வெட்டுவாய், அதனால் எழுதுகிறேன்.

கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் அமுக்கிப் பார். வலித்தால் எக்ஸ்ரே எடு. கையூன்றி விழுந்தால் மணிக்கட்டில் உள்ள ஸ்காஃபாய்டு எலும்பு விரிசல் விடலாம், முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். வலி நிற்காவிட்டால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லைதான்.

அதற்கும் முன்னால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி ஆக்சிடென்ட் புக்கில் ஏற்று. நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். உன் சம்பளம் 21,000-க்குள், இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். இல்லையென்றால் காய்ச்சல் லீவு மாதிரிதான்: 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள்வரை.

உனக்கு வெட்கம். நோயாளி விழுந்தால் ஆளாளுக்கு விளக்கம் கேட்பார்கள், நர்ஸ் விழுந்தால் "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பதோடு சரி. சானிடைசர் டப்பாவுக்குக் கீழே நாள் முழுக்கச் சொட்டினால் நீ எங்கே பார்த்து நடப்பாய்? ஷிப்ட் மாறி எல்லாரும் ஓடுகிற நேரத்தில் மாப் போடச் சொன்னது யார்? ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் குறை சொல்லாதே, அந்த நேரத்தை அவர் வைக்கவில்லை. அவரும் வழுக்கி விழுகிறவர்தான். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அவர் விழுந்ததை யார் எழுதப் போகிறார்கள்?

அமெரிக்காவில் 3 மருத்துவமனைகளில் 1996 முதல் 2005 வரை ஊழியர்கள் வழுக்கி விழுவதைக் கணக்கெடுத்தார்கள். யார், எங்கே, எதில் விழுந்தார்கள் என்று பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். வழுக்காத ஷூ, சிந்தியதை உடனே துடைக்க ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகச் செய்ததில், விழுந்து இழப்பீடு கேட்டவர்களின் விகிதம் 58 சதவீதம் குறைந்தது. நர்சுகளைவிட அதிக விகிதத்தில் விழுந்தது கேன்டீன் ஆட்கள் என்பதும் பதிவு இருந்ததால்தான் தெரிந்தது. நம் ஊரில் புக் காலியாக இருப்பதையே பெருமையாகக் காட்டுவார்கள்.

அடி தேய்ந்த அந்த வெள்ளைச் செருப்பைத் தூக்கிப் போடு. புது ஷூவுக்கு அப்பா பணம் அனுப்புகிறார், அடிப்பகுதி ரப்பரா என்று பார்த்து வாங்கு. எக்ஸ்ரே எடுத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா