ஆட்சியருக்குத் துருவக் கரடி வேண்டாம்

அன்புள்ள நண்பா,

கடிதமும் நிகழ்ச்சி நிரலும் கிடைத்தன. மாவட்ட அதிகாரிகளுக்கும் உள்ளாட்சித் தலைவர்களுக்கும் காலநிலை வகுப்பு நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்தது நல்ல சேதி. ஆனால் அந்த நிரலோடுதான் எனக்குச் சண்டை. முதல் நாள் முழுக்கப் பசுங்குடில் வாயு, துருவப் பனி, பாரிஸ் ஒப்பந்தம் என்று போட்டிருக்கிறாய். எந்த ஆட்சியரும் இதை மறுக்கப் போவதில்லை. தன் மேசைக்கு வரும் கோப்பில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தர ஒன்றரை நாள் போதும்.

அறிவியலுக்கு 40 நிமிடம் கொடு. இரண்டே கருத்து. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் கனமழை இன்னும் கனக்கும். இது ஒன்று. மற்றது 'நூறாண்டு வெள்ளம்'. ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று பொறியாளர்களே சில சமயம் பேசுவார்கள். எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். அப்படியென்றால் 30 ஆண்டு நிற்க வேண்டிய ஒரு கட்டடம் அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம். கால்குலேட்டரைக் கையில் கொடுத்து 0.99-ஐ முப்பது முறை பெருக்கி, வருவதை 1-லிருந்து கழிக்கச் சொல். அந்த 1 சதவீதமும் பழைய மழைப் பதிவிலிருந்து கணக்கிட்டது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததை அங்கே நினைவுபடுத்து.

அடுத்தது மழைநீர் வடிகால் கணக்கு. என்னைக் கேட்டால் வகுப்பின் உயிரே இதுதான். 50 ஹெக்டேர் வார்டு, மணிக்கு 60 மி.மீ. மழை. பாதி நீர் மண்ணில் இறங்கும் நிலம் என்றால் வழிந்தோடும் குணகம், அதாவது மழையில் ஓடிப்போகும் பங்கு, 0.5. மூன்றையும் பெருக்கி, அலகு மாற்றத்துக்காக 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு 4.2 கன மீட்டர். மழையை 10 சதவீதம் கூட்டு: 4.6 ஆகிறது. இப்போது மழையைத் தொடாமல், காலிமனைகளுக்கும் குளத்துக்கும் மேல் கான்கிரீட் போடு. குணகம் 0.8, நீர் 6.7! மழை கூடியதைவிட மனைப்பிரிவு அனுமதி பல மடங்கு கெடுத்திருக்கிறது. எல்லாப் பழியையும் காலநிலை மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றி வருகிறது. இந்தக் கணக்கு அதற்கு நல்ல மருந்து. கணக்கு முடிந்ததும் அவரவர் ஊர் ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கு எங்கே, போக்குக் கால்வாய் எந்த சர்வே எண்ணில் முடிகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல். முக்கால்வாசிப் பேர் தடுமாறுவார்கள். தடுமாறட்டும்.

வெப்பத்துக்கு அரை நாள். சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி, அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதல் என்பது வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறை. கடலோர ஊர்களில் இதை மட்டும் நம்ப முடியாது. 35 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடல் உணர்வது சுமார் 37. ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் சுமார் 50. வியர்வை உலராததே காரணம். எச்சரிக்கை அறிவிக்கப்படாத நாளிலும் ஆள் சாகலாம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வைத்தது. ஆனால் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. ஆகவே அகமதாபாத்தைப் பாடமாக எடு. 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி. அந்த மாத மொத்த இறப்பை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டபோது 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் தெரிந்தன. அந்த எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் 2013-இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது, 41.1, 43.1, 45 டிகிரி என்று மூன்று எச்சரிக்கைப் படிகள், ஒவ்வொன்றிலும் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது எழுத்தில். உன் பங்கேற்பாளர்களைத் தங்கள் ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவேட்டின் அன்றாட எண்ணிக்கையோடு வரச் சொல். ஐந்தாண்டு ஏப்ரல், மே போதும்.

2100-ஆம் ஆண்டு காலநிலை எப்படி இருக்கும் என்று காட்டும் வண்ண வரைபடங்களை நீக்கிவிடு. உலகக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் ஒரு கட்டமே சுமார் 100 கி.மீ. அகலம், அதை வைத்து ஊராட்சி ஒன்றிய வாரியாக இரண்டு தசம எண் காட்டினால், விவரம் தெரிந்த ஒரு பொறியாளர் எழுந்து கேட்கும் ஒரு கேள்வியில் மொத்த வகுப்பின் மானமும் போய்விடும். ஒற்றை எண்ணாக இல்லாமல், இதிலிருந்து இதுவரை என்று வீச்சாகச் சொல். இன்னும் இருபது ஆண்டு வரை வாயு உமிழ்வு கூடினாலும் குறைந்தாலும் கணிப்புகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்.

யாரை அழைப்பது? மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். அமைப்பு சரிதான், ஆனால் அப்படியே விட்டால் காலநிலைப் பணி மரக்கன்று நடுவதாகச் சுருங்கிவிடும். ஒரே மாவட்டத்திலிருந்து நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், சுகாதாரத் துறை, நகரமைப்பு, வேளாண்மை எல்லாரையும் ஒரு மேசையில் உட்கார வை. ஐந்து மாவட்டம், மாவட்டத்துக்கு ஐந்து பேர். அதற்கு மேல் போனால் சொற்பொழிவாகிவிடும். மேயர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் தனி அமர்வு வை. அதிகாரிகள் எதிரில் அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். அமைச்சர் வந்தால் ஒரு பக்கத் தாள், இருபது நிமிடம். குத்துவிளக்கும் பொன்னாடையும் முதல் நாள் காலையைத் தின்றுவிடும், அதை மாலைக்குத் தள்ளு.

இடமாறுதல்தான் பெரிய ஓட்டை. கற்றவர் இரண்டே ஆண்டில் வேறு மாவட்டம் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு குழுவும் கிளம்பும்முன் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதி, பொறுப்பு ஒப்படைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும்: எந்த அளவில் எச்சரிக்கை, யார் பொறுப்பு, எந்த நிதித் தலைப்பு, எந்தப் பதிவேடு. நிதித் தலைப்பு இல்லாத வாக்கியத்தை அடித்துவிடு.

வெள்ளத்துக்கான வகுப்பை ஜூலைக்குள் முடி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார நேரம் கிடைக்கும். வெப்பத்துக்கு ஜனவரி. மாவட்டங்கள் முடிவானதும் பெயர்களை அனுப்பு, மழைமானிப் பதிவுகளைத் தொகுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்