நெடுந்தீவுக் கோட்டையையும் முருகைக்கற் பாரையும் பார்க்க வருவோருக்கு முறையான படகு ஒழுங்கு கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: பிரதேச செயலாளர், நெடுந்தீவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் நெடுந்தீவில் பிறந்து, இங்குள்ள பாடசாலையொன்றில் 29 வருடங்கள் படிப்பித்து ஓய்வுபெற்றவன். என்னோடு இந்த மனுவில் ஒப்பமிட்டிருப்பவர்கள் கடற்றொழிலாளர்கள், முச்சக்கர வண்டியும் லான்ட்மாஸ்ரரும் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஓட்டிப் பிழைப்பவர்கள், கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சில குடும்பத்தவர்கள். எங்கள் தீவைப் பார்க்க வருகிறவர்களின் தொகை வருடத்துக்கு வருடம் கூடுகிறது. அவர்களை ஏற்றி இறக்கவும், கோட்டைக்கும் கடலுக்கும் அழைத்துப் போகவும் ஓர் ஒழுங்கு இல்லை. அதைச் செய்து தரும்படி கேட்கவே இதை எழுதுகிறோம்.

ஆட்கள் வருவதில் எங்களுக்கு மனக்குறை கிடையாது. நெடுந்தீவைக் கடைசித் தீவு என்று சொல்லியே பலர் ஒதுக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் வந்து, குறிகட்டுவானில் படகேறி, வலப்பக்கம் நயினாதீவை விட்டுவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் கடலில் வர வேண்டும். அவ்வளவு தூரம் ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் மண்ணில் எதையோ தேடி வருகிறார். அவரை வாருங்கள் என்று சொல்லவே விரும்புகிறோம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரக் கடல்தான் எங்களுக்கு வீதி. ஆசிரியர்கள் வருவதும், பிள்ளைகள் உயர்கல்விக்குப் போவதும், நோயாளர் வைத்தியசாலைக்குப் போவதும், மீன் பெட்டி போவதும், அரிசி மூடை வருவதும் அதே படகில்தான். நீண்ட விடுமுறை வந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடமிருக்காது. போன சித்திரை விடுமுறையில் என் அயல்வீட்டு ஆச்சி யாழ்ப்பாணத்தில் கண் சத்திரசிகிச்சை முடித்து, கண்ணில் பஞ்சு ஒட்டியபடி வந்துகொண்டிருந்தார். படகு சுற்றுலா வந்தவர்களால் நிரம்பிவிட்டது. அவர்கள் பொல்லாதவர்கள் அல்ல; அவர்களும் வரிசையில் நின்றுதான் ஏறினார்கள். ஆச்சி சீலைத் தலைப்பால் கண்ணை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு அடுத்த படகு வரும்வரை அந்தச் சீமெந்துக் கட்டில் குந்தியிருந்தார். ஊராரின் பயணமும் பார்க்க வருவோரின் பயணமும் ஒரே படகில் முட்டுப்படுவதுதான் இதற்குக் காரணம்.

இந்தக் கடலில் ஏறுவது எங்களுக்கு வெறும் போக்குவரத்து அல்ல என்பதும் தங்களுக்குத் தெரியும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் எங்கள் உறவுகள் கொல்லப்பட்டார்கள். வருடாவருடம் அவர்களை நினைவுகூருகிறோம். அதனால் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகைக் கண்டால் எங்கள் வயதுக்காரருக்கு நெஞ்சு பதறும்.

இனிக் கோட்டை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள் தங்கள் நாட்டு ஊரொன்றின் பெயரைச் சூட்டி இந்தத் தீவை டெல்ஃப்ற் என்று அழைத்தார்கள். போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை வைத்தியசாலைக்குப் பின்புறம் இடிந்து நிற்கிறது. அதன் சுவர் முழுக்க முருகைக்கல், அதாவது பவளக்கல்தான். எங்கள் வளவு வேலிகளும் அதே கல்லால் அடுக்கியவை. சாந்து இல்லாமல், கல்லின் மேல் கல் வைத்து. வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் காரை உதிர்ந்த ஓரிடத்தில் அவர்களின் விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு காலம் ஓர் உயிர் குடியிருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று கையை எடுத்துவிடுவார்கள். பிறகு மெதுவாகத் திரும்பவும் தொடுவார்கள்.

அந்தத் துளைகளின் மேல் இப்போது ஆணியால் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். சுவரில் மரம் வேர் விட்டிருக்கிறது. மேல்மாடி இருந்த உயரத்துக்கு ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். சென்ற வருடம் என் கண் முன்னாலேயே ஒரு பொடியனின் காலடியில் கல் பெயர்ந்தது; அவன் தப்பினான், கல் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அவனை ஏசி என்ன பயன்? ஏறாதே என்று சொல்ல அங்கே ஒரு பலகை இல்லை, ஓர் ஆள் இல்லை. தொல்பொருட் சின்னங்களுக்குச் சேதம் விளைவிப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வருகிறவருக்கு அதைச் சொல்வார் யாருமில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடலைப் பற்றி. கோட்டையில் இருப்பது செத்த கல். அதே கல் உயிரோடு எங்கள் தீவைச் சுற்றிக் கடலுக்குள் கிடக்கிறது. ஆழம் அதிகமில்லாத கடல் என்பதால் வெயில் அடிவரை இறங்கும். நீர் தெளிந்த நாளில் படகு விளிம்பில் குனிந்தாலே அந்த முருகைக்கற் பார் (பவளப்பாறைத் திட்டு) தெரியும். மூளை போல மடிப்பு விழுந்த உருண்டைக் கற்கள், அவற்றின் இடுக்கில் ஓரா, கிளிமீன், குஞ்சு மீன்கள். மீன் குஞ்சாக வளர்வது அங்கேதான். எங்கள் வலையில் விழுவது அங்கே வளர்ந்ததுதான். பார் அலையை உடைக்காவிட்டால் கரை அரிக்கும். இந்த உருண்டைக் கற்கள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. என் மார்பளவு உயரமுள்ள ஒரு கல்லின் வயது என்னவென்று தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பங்குனியில் ஒரு நாள், வெளியூரிலிருந்து வந்த உறவினர் கேட்டதற்காக, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகொன்றில் பார் பார்க்கப் போனோம். எட்டுப் பேர்; உயிர்காப்பு அங்கி நான்கு. படகு நின்றதும் நங்கூரத்தைப் பாருக்கு மேலேயே இறக்கினார்கள். திரும்பும்போது இழுத்தார்கள், வரவில்லை. இயந்திரத்தை முடுக்கி இழுத்தார்கள். நங்கூரத்தின் கொளுக்கியில் இரண்டு கை அகலக் கல் ஒன்று பெயர்ந்து வந்தது. மேற்பக்கம் பழுப்பும் பச்சையுமாக வழுவழுவென்று இருந்தது. உடைந்த பக்கம் சுண்ணாம்பு போல வெள்ளை. அதன் துளையிலிருந்து நகத்தளவு நண்டொன்று படகின் தட்டில் இறங்கி, போக இடம் தெரியாமல் என் செருப்பைச் சுற்றி ஓடியது. கல்லைத் திரும்பக் கடலில் போட்டோம். போட்டதால் அது ஒட்டப்போவதில்லை. படகோட்டியை நான் குறை சொல்லவில்லை. படகைக் கட்ட அவருக்கு அங்கே வேறொன்றும் இல்லை. இன்னொருவர் உடைந்த துண்டொன்றை வீட்டு அலுமாரிக்கென்று பையில் வைத்தார். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி அதை வாங்கிப் போட வைக்க எனக்கு அரை மணி நேரம் எடுத்தது.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பார்க்க வருவோருக்கென்று குறிகட்டுவானிலிருந்து தனிப் படகுச் சேவையை ஒழுங்கு செய்து தாருங்கள். காலையில் ஒன்று, பின்னேரம் திரும்ப ஒன்று இருந்தாலே போதும். வழமையான படகில் நோயாளர், கர்ப்பிணிகள், முதியோர், தீவுவாசிகள் ஏறிய பிறகே மற்றவர்கள் ஏறலாம் என்ற ஒழுங்கை எழுத்தில் ஒட்டச் செய்யுங்கள். எந்தப் படகானாலும் எத்தனை பேர் என்பது அதன் உடலில் பெரிய எழுத்தில் இருக்கட்டும், ஆளுக்கொரு அங்கி இருக்கட்டும்.

பார் பார்க்கும் இடங்களில், கல் இல்லாத மணற்பாங்கான அடியாகப் பார்த்துக் கொங்கிறீற் கட்டைகளை இறக்கி, கயிற்றில் மிதவை கட்டி விடுங்கள். வந்த படகு மிதவையில் கட்டும். நங்கூரம் போட வேண்டிய தேவையே இருக்காது. எங்கே மணல், எங்கே கல் என்று எங்கள் கடற்றொழிலாளர் இருட்டிலும் சொல்வார்கள். அவர்களை வைத்தே இடம் தெரிவு செய்யுங்கள். பார் காட்டும் படகு உரிமத்தையும் பயிற்சி கொடுத்து அவர்களுக்கே முதலில் வழங்குங்கள். மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் இந்தக் கடல் குளம் போலக் கிடக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் பார் பார்க்கும் அனுமதி போதும். சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் சிறு படகு வெளிக்கிட வேண்டாம்.

கோட்டைக்குத் தொல்லியல் திணைக்களத்துடன் பேசி, விழும் நிலையிலுள்ள சுவர்களுக்கு முதலில் முண்டு கொடுக்கவும், வேர்களை அறிந்தவர் கையால் அகற்றவும், மூன்று மொழிகளிலும் விபரப் பலகை வைக்கவும் வழி செய்யுங்கள். பிரதேச சபை ஊடாகச் சிறு கட்டணம் வாங்கி, இங்குள்ள இளைஞர் இருவரைக் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் நியமிக்கலாம். எங்கள் தீவின் காட்டுக் குதிரைகளுக்காக 2015இல் இங்கே தேசிய பூங்கா பிரகடனமானது. அது போலக் கோட்டைக்கும் பாருக்கும் ஒரு கண் வேண்டும்.

தங்கள் கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகத்திலிருந்து) உத்தியோகத்தர் ஒருவர் வந்தால் நாங்களே படகில் கூட்டிச் சென்று அந்த இடங்களைக் காட்டுகிறோம். படகும் எரிபொருளும் எங்கள் பொறுப்பு. அடுத்த மாசிக்கு முன் மிதவை வேலையாவது தொடங்கினால், இந்த வருடம் உடையவிருக்கும் கற்கள் உடையாமல் இருக்கும்.

நன்றி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நெடுந்தீவு.

(ஒப்பமிட்ட ஏனையோரின் விபரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.)