முகம் இளமை, கால் முதுமை

ஆசிரியருக்கு,

2024இல் வந்த 'கோட்' படத்தில் விஜயைக் கணினி உதவியால் இளந்தாரியாக்கிக் காட்டியதையும், மறைந்த விஜயகாந்தைக் கொஞ்ச நேரம் திரையில் கொண்டுவந்ததையும் வைத்து எங்கள் பக்கம் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. வன்னியில் கரண்ட் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நிற்பதற்குள் கப்டனின் சண்டையைப் பார்த்துவிட வேண்டும் என்று முற்றத்தில் நெருக்கியடித்துக்கொண்டு டெக்கில் படம் பார்த்தவர்களுக்கு, அவர் திரும்ப வந்தால் விசிலடிக்கத்தான் தோன்றும். சரி, அதில் குறையில்லை.

ஆனால் மாறுவது முகம் மட்டும்தானே! 2019இல் 'த ஐரிஷ்மேன்' படத்துக்கு நடுவில் ஒரு கமரா, இரு பக்கமும் அகச்சிவப்புக் கமரா என்று வைத்துப் பிடித்து, எழுபது கடந்த ரொபேர்ட் டி நீரோவின் சுருக்கங்களைக் கணினியில் நீக்கினார்கள். முகம் வடிவாகத்தான் இருந்தது, கடைக்காரனை உதைக்கும் காட்சியில் கால் எழும்பிய விதம்தான் வயதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உயிரோடிருப்பவர் சம்மதித்து நடிப்பது வேறு, இறந்தவரிடம் யார் கேட்பது? 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். அது மரியாதை. அப்படி அனுமதி வாங்கியதைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போடட்டும், உண்மையில் நடித்தவர் யார் என்பதையும் சேர்த்து. 2016இல் 'ரோக் வன்' படத்தில், 1994இல் இறந்த நடிகர் பீற்றர் குஷிங்கின் கணினி முகத்துக்குப் பின்னால் நடித்தவர் கை ஹென்றி. பாவம், அந்த மனுசனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படிக்கு,
வாசகர், கிளிநொச்சி