செக் திரைப்படங்களில் சிரிப்பு மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செக் இலக்கியம், திரைப்படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஹஷேக்கின் நாவல் நாயகனான அப்பாவிப் படைவீரர் ஷ்வெய்க்கில் தொடங்கி, அடக்குமுறையைச் சிரித்தே கடந்த மரபு என்று அனைத்தையும் கட்டுரையாளர் அடக்கிவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. கொடுங்கோன்மைக்குத் துணைபோகும் சாதாரண மனிதரை இந்த அளவு துணிந்து காட்டிய கலைமரபுகள் மிகக் குறைவு என்பதே என் கருத்து.

ஹிட்லர் ஐரோப்பாவை மிரட்டிக்கொண்டிருந்த 1937இல் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் எழுதிய ‘வெள்ளை நோய்’ நாடகத்தில், கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடித்த மருத்துவரை மிதித்துக் கொல்வது சர்வாதிகாரி அல்ல, போர்வெறி ஏறிய ஜனக்கூட்டம்.

ஆஸ்கார் விருது பெற்ற ‘பிரதான வீதியில் ஒரு கடை’ (1965) இதை இன்னும் நெருங்கிச் சென்று பார்க்கிறது. 1942ஆம் ஆண்டு ஸ்லோவாக்கியாவில், டோனோ என்ற தச்சருக்கு, பாசிசப் பதவியில் இருக்கும் உறவினர் ஒருவர் தயவால், யூத மூதாட்டியின் பொத்தான் கடையை மேற்பார்வையிடும் அதிகாரம் கிடைக்கிறது. காது சரியாகக் கேட்காத அந்தம்மாள், தனக்கு உதவியாள் வந்திருப்பதாக எண்ணி அவரை அன்போடு நடத்துகிறார். டோனோ கெட்டவரல்லர், பாட்டியின் மரச்சாமான்களைப் பழுதுபார்த்தும் தருகிறார். ஆயினும் யூதர்களைச் சதுக்கத்தில் திரட்டி அனுப்பும் நாளில், தன் உயிர்மேல் வந்த அச்சத்தில் அவர் மூதாட்டியைப் பிடித்துத் தள்ள, அந்தம்மாள் இறந்துபோகிறார். நல்லவர் என்பதாலேயே அவரை மன்னித்துவிட இயக்குநர்கள் காடாரும் க்ளோஸும் இடம் தரவில்லை.

நாஜிக் காலத்தைப் பற்றி இப்படிப் பேச அனுமதித்த செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிச அரசு, தன் ஆட்சியை நோக்கி அதே பார்வை திரும்பியபோது பொறுக்கவில்லை. கரெல் கஹீன்யாவின் ‘காது’ (1970) படத்தில், கட்சி விருந்திலிருந்து திரும்பும் துணை அமைச்சர், கைதாகப்போகிறோமோ என்ற பீதியில் கழிவறையில் காகிதங்களை எரிக்கிறார். வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் அகப்படுகின்றன. விடிந்ததும் வருவதோ அவரையே அமைச்சராக்கும் செய்தி. அதைக் கேட்டு அவருடைய மனைவி அஞ்சுகிறார். அரசின் குற்றத்தில் பங்குகொண்டவருக்கும் அந்த அரசில் பாதுகாப்பு இல்லை என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

1989 வரை அந்தப் படம் முடக்கப்பட்டிருந்தது. திரைக்கதை எழுதிய யான் ப்ரோஹாஸ்கா 1971இலேயே காலமாகிவிட்டார். இவ்வாறு பூட்டிவைக்கப்பட்ட படங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்