கெர்னல் வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு மாற்றம் போய்ச் சேரும்போது அதன் அடியில் சில வரிகளும் ஒட்டிக்கொண்டு போகும். எழுதியவருக்கு ஒன்று, பிழையைக் காட்டியவருக்கு ஒன்று, ஓட்டிப் பார்த்தவருக்கு ஒன்று, படித்துச் சரிபார்த்தவருக்கு ஒன்று. டெஸ்டட்-பை (சோதித்தவர்), ரிவியூட்-பை (சரிபார்த்தவர்) என்று தொடங்கும் அந்த வரிகளை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து யாரும் அழிக்க மாட்டார்கள். ஆனால் நடுராத்திரியில் டேட்டா தீர்ந்தபோது ரீலோட் போட்டுவிட்டவருக்கும், அலுமாரிக்குள் கிடந்த பழைய டோங்கிளைத் தேடி எடுத்துத் தந்தவருக்கும் அதில் இடம் கிடையாது. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் உட்கார்ந்துகொண்டு அப்படி என்னதான் செய்கிறாய் என்று பலர் கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பியில் செருகுகிற லான் அடாப்டர்களில் (நெட் கேபிள் குத்துகிற சாமான்) பல, வந்த பாக்கெட்டுகளை, அதாவது நெட்டில் வரும் தரவுத் துண்டுகளை, ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை. நாலைந்தை ஒரே கட்டாகக் கட்டிக் கணினிக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் அதன் நீளம் எத்தனை பைட் என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். கெர்னலில் அந்த அடாப்டரை இயக்கும் நிரலான டிரைவர் அந்தக் குறிப்பைப் படித்து, கட்டைப் பிரித்து, பாக்கெட்டுகளைத் தனித்தனியாக மேலே அனுப்ப வேண்டும். சிப் சொல்கிற நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் வந்தது வினை. கட்டில் மிச்சம் இருப்பது 60 பைட், குறிப்போ 1500 என்கிறது. சரிபார்க்காத டிரைவர் பக்கத்து நினைவகத்துக்குள் காலை வைத்துவிடும். அடாப்டரே வில்லங்கமானதாக இருந்தால், செருகிய கையோடு கணினி விழுந்துபோகலாம்.

நான் பார்த்த டிரைவர்களில் இந்தப் பிரிக்கும் பகுதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போலவே இருந்தது. ஒன்றில் நீளச் சோதனை உண்டு, இன்னொன்றில் பாதி உண்டு, வேறொன்றில் அறவே இல்லை. அதைப் பொதுவான ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சோதனையை அங்கேயே வைப்பதுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும்.

முதல் நன்றி, முகம் தெரியாத அந்தச் சரிபார்ப்பாளர்களுக்கு. அவர்கள் தமிழ் படிக்கப் போவதில்லை, பரவாயில்லை. பிழைத் திருத்தத்தையும் சீரமைப்பையும் ஒரே பேட்சில் (அனுப்புகிற மாற்றப் பொதியில்) கலக்காதே என்று எனக்குப் புரியும்படி எழுதியவர்கள் அவர்கள்தான். நீளச் சோதனை இல்லாத இடத்தில் நாலு வரியில் சோதனையைச் சேர்ப்பது திருத்தம். அது நெட் என்கிற மரத்துக்கு, அதாவது நெட்வொர்க் திருத்தங்கள் சேரும் கெர்னல் பிரதிக்குப் போகும். அங்கிருந்து வாரத்துக்கு ஒருமுறை, கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் போகும், பிறகு திருத்தங்கள் மட்டும் பெறுகிற பழைய நிலைப்பதிப்புகளுக்கும் எடுக்கப்படும். நாலு வரியாக இருந்தால்தான் பல வருடத்துக்கு முந்தைய கெர்னலிலும் அது சண்டை போடாமல் பொருந்தும். கோப்பையே புரட்டிப்போடுகிற சீரமைப்பு வேறு. அது அடுத்த வெளியீட்டுக்கான நெட்-நெக்ஸ்ட் மரத்துக்குரியது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பிறகு, புது வேலைகளை லினஸ் சேர்த்துக்கொள்கிற இரண்டு வார இணைப்புக் காலத்தில் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

நெட்வொர்க் பகுதியை டேவிட் மில்லர் நீண்ட காலம் பார்த்துக்கொண்டார். இப்போது யாகுப் கிசின்ஸ்கி, பாவ்லோ அபெனி, எரிக் டுமாசே போன்றவர்களும் சுமக்கிறார்கள். அவர்களுடைய விதிகளில் ஒன்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும்: வேறு வேலையோடு சேராத வெறும் துப்புரவுப் பேட்ச்களை அவர்கள் ஊக்குவிப்பதில்லை. இடைவெளியைச் சரிசெய்தேன், எச்சரிக்கையை நீக்கினேன் என்று போனால் வரவேற்பு இருக்காது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. யாரிடமும் இப்போது சாதனம் இல்லாத ஒரு பழைய டிரைவரை அழகுபடுத்தப் போய், அது ஓடாமல் போனால் யார் கண்டுபிடிப்பது? உண்மையான பிழை ஒன்று முன்னால் நின்றதால்தான் எங்கள் சீரமைப்புக்கும் இடம் கிடைத்தது.

இதில் ஒரு கட்டுப்பாடு நிறைய நேரத்தைத் தின்றது. வரிசையாக அனுப்புகிற பேட்ச் தொடரில், ஒவ்வொரு பேட்சையும் போட்ட பிறகு கெர்னல் கம்பைல் ஆகி ஓட வேண்டும். நாளைக்கு யாராவது பைசெக்ட் போட்டு, அதாவது வரலாற்றைப் பாதிபாதியாக வெட்டிப் பிழை தேடினால், நடுவில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெர்னல் எழும்ப வேண்டும். அதனால் ஒரு பேட்சில் நிரலை இடம் மாற்றுவது மட்டும், ஓர் எழுத்தும் மாறக்கூடாது. அடுத்ததில்தான் மாற்றம். நகர்ந்த வரிகளை கிட் தனி நிறத்தில் காட்டும் என்பதால், படிக்கிறவர் முதலாவதை ஒரு பார்வையில் தள்ளிவிட்டு இரண்டாவதில் கண்ணை வைக்கலாம். வீட்டில் இதை விளக்கியபோது அப்பாவுக்குத்தான் உடனே பிடிபட்டது. “கவ்வாத்து மாதிரின்னு சொல்லு” என்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின மலையில் கொஞ்ச மாதத்துக்குக் கொழுந்து கிடையாது, பார்க்கிறவனுக்கு மொட்டையாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னிடம் “இன்னும் முடியலையா?” என்று கேட்டதே இல்லை. அப்பாவுக்கு நன்றி.

ஹட்டனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “பழைய டோங்கிள், நெட் கேபிள் குத்துற சாமான் இருந்தா குடுத்துட்டுப் போங்க, திருப்பித் தருவோம்” என்று கேட்டு நிரப்பியவர் அவர். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரை டேப்பில் எழுதி ஒட்டினார். பிறகு கடைக் கணினியில் நான் மாற்றிய கெர்னலைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகி, பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி, மறுபடி செருகி, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளை காட்டியதை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினார். பாதிப் படங்களில் அவருடைய பெருவிரலும் இருக்கும். அந்த நடுவில் பிடுங்குகிற சோதனை சும்மா விளையாட்டு இல்லை. டிரைவர் கையில் வைத்திருந்த நினைவகத்தைச் சரியான வரிசையில் விடுவிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். டெஸ்டட்-பை வரியில் பெயர் போடட்டுமா அக்கா என்று கேட்டேன். “எம்பேரு எதுக்கு தம்பி, கடைப் பேரைப் போட்டா யாவாரமாச்சும் நடக்கும்” என்றார். கடைப் பெயரை கெர்னலில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி அவரைச் சமாளிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பதுளைத் தம்பிக்கு அடுத்தது. அவரிடம் இருந்த பழைய ரவுட்டரில் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி ஓடுகிறது, உள்ளே இருப்பது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கிற பிக்-எண்டியன் மிப்ஸ் சிப். நம் மடிக்கணினிகள் எல்லாம் எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. நாங்கள் தொட்ட அடாப்டர்களும் நீளத்தை அப்படியேதான் அனுப்புகின்றன. மாற்றிப் படிக்கிற ஒரு அழைப்பு எங்காவது விடுபட்டாலும் மடிக்கணினியில் எதுவும் தெரியாது. அந்த ரவுட்டரிலோ 60 என்பது 15360 ஆகிவிடும். நிரலை ஓட்டாமலே சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவி இதை நிரலிலேயே ஓரளவுக்குப் பிடிக்கும்தான். ஆனாலும் உண்மையான பெட்டியில் பாக்கெட் ஓடுவதைப் பார்த்தால் வருகிற நிம்மதி வேறு. வீட்டில் எல்லோரும் அந்த ரவுட்டரை நம்பித்தான் இருக்கிறார்கள் என்பதால் அவர் சோதித்ததெல்லாம் அம்மாவின் நாடகம் முடிந்த பிறகு.

கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சி, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் கருவி போட்ட கெர்னலைத் தன் கணினியில் கம்பைல் செய்து தந்தார். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைக் கேசான் தன் கணக்குக்கே எடுத்துக்கொள்ளும். என் மடிக்கணினியில் அதைப் போட்டால் வேறு எதற்கும் இடமிருக்காது. கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்த நண்பன் கெர்னலின் முழு கிட் வரலாற்றையும் பென்னில் போட்டு ரயிலில் கொண்டுவந்தான். பல ஜிபி. அதை இங்கே போன் டேட்டாவில் இறக்கியிருந்தால் ரீலோட் போட்டவர்கள் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களை இதற்காக விட்டுத்தந்த என் டீம் லீட் அண்ணாவுக்கும், இடி முழங்கினால் நான் மறந்தாலும் மறக்காமல் பிளக்கைக் கழற்றி வைக்கும் அம்மாவுக்கும் நன்றி. மடிக்கணினி இன்னும் உயிரோடு இருப்பது அம்மாவால்தான்.

திருத்தங்கள் ஏற்கப்பட்டு நிலைப்பதிப்புகளுக்கும் போய்விட்டன. சீரமைப்புத் தொடர் நெட்-நெக்ஸ்டில் இருக்கிறது. உங்கள் கணினியில் இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது, தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

டோங்கிள்கள் எல்லாம் ஹட்டன் கடையில் அதே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஞாயிறு தவிர எந்த நாளும் போய் எடுக்கலாம். பெயர் ஒட்டாமல் ஒரு நீல அடாப்டர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, உங்களுடையதென்றால் அக்காவிடம் சொல்லுங்கள். திருப்பி வேண்டாம் என்கிறவர்கள் அப்படியே விட்டுவிடுங்கள், அடுத்த தொடருக்கு உதவும். அதற்கு போன் வழியாக நெட் எடுக்கும் டிரைவரைப் பார்க்கப் போகிறேன், ஆகவே யுஎஸ்பி டெதரிங் ஓடுகிற பழைய போன் யாரிடமாவது சும்மா கிடந்தால் சார்ஜரோடு கொடுத்துவிடுங்கள். திரை உடைந்திருந்தாலும் சரி.