ஒதுக்கப்பட்ட மஞ்சள் கரு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அவித்த முட்டையைப் பிளந்து, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வெள்ளைக்கருவில் மட்டும் மிளகுத்தூள் தூவி உண்ணும் வழக்கத்தை, மருத்துவர் ஒருவர் சொன்ன ஒரே காரணத்துக்காக என் தந்தை இருபது ஆண்டுகள் விடாமல் கடைப்பிடித்தார். உணவுக் கொலஸ்ட்ரால் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வாரத்துக்கு மூன்று முழு முட்டைகளே போதும் என்றும் 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம் கூறிய அறிவுரையே அதன் வேர். 2015–2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் அந்த 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டுவிட்டன. எங்கள் உறவினர் வீடுகளிலோ மஞ்சள் கரு இன்றும் குப்பைக்கே போகிறது. நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனினும், தடையைப் பரப்பிய அதே வேகத்தில் திருத்தத்தையும் தங்கள் மருத்துவப் பக்கம் வாசகரிடம் கொண்டுசேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்