ஞாயிறு கோடியக்கரை: பிள்ளைகளோடு வருபவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 5 மணிக்கு மன்னார்குடி தேரடியிலிருந்து வேன் கிளம்பும். சீக்கிரம்தான், ஆனால் வெயில் ஏறிவிட்டால் மான்கள் புதருக்குள் போய்விடும், அப்புறம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

1967-இல் சரணாலயமான இடம் அது. வெளிமானுக்குப் பேர்போனது. முறுக்கிய கொம்போடு முதுகு கறுத்திருந்தால் கிடா, வெளிர் பழுப்பாக இருந்தால் பெட்டை. வயிறு இரண்டுக்கும் வெள்ளைதான். இதை மட்டும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பூநாரை தண்ணீர் இருக்கும் அளவைப் பொறுத்தது, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ராமர் பாதம் மேட்டில் ஏறி நின்றால் சுற்றிலும் காடு தெரியும். ஊஞ்சல், சறுக்கு இல்லையே என்று போன தடவை கேட்டார்கள். மணல் இருக்கிறதே, போதாதா?

தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம். போன வருஷம் என் மகனின் முறுக்குப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிப் போய் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது. அவன் அழுத அழுகை வேதாரண்யம் வரை ஓயவில்லை.

தொப்பி, தண்ணீர், மாற்றுத் துணி அவசியம். திரும்பும்போது அகஸ்தியம்பள்ளியில் உப்பளமும் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணும் பார்க்கலாம்.

எத்தனை பேர் என்று வியாழனுக்குள் இங்கேயே போடுங்கள். பெரியவர், சிறியவர் தனித்தனியாக.